மாதச் சாமான் செலவு கூடிக்கொண்டே போகிறது. பில்லைப் பார்த்தாலே மனசு உறுத்துகிறது

மகாராஜநகர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி மகாராஜநகரில். வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன், எழுபதைத் தாண்டிய அத்தை. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாதம் 62,000 கைக்கு வருகிறது. அதில் 17,000 வீட்டுக் கடனுக்குப் போய்விடும். சாப்பாட்டுச் செலவு மட்டும், அதாவது பலசரக்கு, பால், காய், பழம், மீன் எல்லாம் சேர்த்து 16,500 ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் 11,000க்குள் அடங்கிய செலவு இது.

நான் பிறந்து வளர்ந்தது கல்லிடைக்குறிச்சிப் பக்கம். பட்டினி கிடந்ததில்லை, ஆனால் எதுவும் தாராளமாக வந்ததும் இல்லை. நெய் என்றால் தீபாவளி. ஆப்பிள் என்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். அம்மா சிட்டை எழுதும்போது 'அரைக் கிலோ' என்று எழுதியதை அடித்துவிட்டு 'கால் கிலோ' என்று மாற்றுவாள். அந்தச் சிக்கனத்தில்தான் நாங்கள் படித்தோம். அதனால் நான் கூடையில் வெண்ணெய், பேரீச்சம்பழம், பாதாம் என்று போடும்போது ஏதோ அம்மாவுக்குத் தெரியாமல் செய்கிற மாதிரி இருக்கிறது.

போன வருடம் மகளுக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. ரத்தம் குறைவாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்துதான் முட்டை, மீன், பழம் எல்லாம் கூடியது. சரியான செலவு என்று புத்திக்குத் தெரிகிறது. பில் நீளமாக வெளியே வரும்போது மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அத்தை நல்லவர், ஒரு வார்த்தை அதிகமாகப் பேச மாட்டார். ஆனால் பையிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எம்.ஆர்.பி. பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார். அதற்குப் பயந்தே பாதாமைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் கொட்டிவிட்டு, கவரைக் குப்பையில் அடியில் தள்ளுகிறேன். எனக்கென்று நான் தனியாக ஒன்றும் வாங்குவதில்லை. சீலா மீன் எடுத்தால்கூட எனக்குக் குழம்பு போதும் என்று விட்டுவிடுவேன். அப்படியிருந்தும் உறுத்துகிறது.

இது வீண்செலவா, இல்லை இந்தக் காலத்துக்கு இவ்வளவு ஆகத்தான் செய்யுமா? உங்கள் வீடுகளில் எப்படி?

தச்சைத்தம்பி

அக்கா, நான் மேன்ஷனில் தனி ஆள். எனக்கே ஹோட்டலில் மாதம் ஏழாயிரத்துக்குக் குறையாமல் போகிறது. ஐந்து பேருக்கு 16,500 என்பது எனக்குக் குறைவாகத்தான் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை

தங்கச்சி, உறுத்தலைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு, 2023-24ஆம் ஆண்டுக்கானது, வெளியாகியிருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரி 8,165 ரூபாய். இது சாப்பாடு, துணி, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தது. நாடு முழுக்க நகரங்களில் மொத்தச் செலவில் உணவின் பங்கு 39.68 விழுக்காடு. கிராமங்களில் 47.04. ஐந்து பேருக்கு 8,165 வீதம் 40,825 வருகிறது. அதில் நாற்பது விழுக்காடு என்று வைத்தால் 16,330. நீங்கள் செலவழிப்பது 16,500.

இதில் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். நாற்பது விழுக்காடு என்பது நாடு முழுவதற்குமான பங்கு, அதை நம் மாநிலத்துக்கு நான் ஒரு மதிப்பாகத்தான் போட்டிருக்கிறேன். அடுத்து, அந்தக் கணக்கில் வெளியே சாப்பிடுவதும் டீக்கடைச் செலவும் அடங்கும். உங்கள் 16,500இல் அது இல்லை. ஆனாலும் நீங்கள் ஊரில் இல்லாத செலவு ஒன்றும் செய்யவில்லை என்பது தெரிகிறது. உங்கள் வருமானத்தில் இது கால் பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

கூடிய 5,500இல் எவ்வளவு விலைவாசி, எவ்வளவு நீங்களாகக் கூட்டியது என்று பிரித்துப் பாருங்கள். தேங்காய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. துவையல், அவியல், சொதி என்று தேங்காய் இல்லாமல் அடுப்பு பற்றாத ஊர் நம்முடையது. அந்த ஏற்றத்துக்கு நீங்கள் என்ன செய்ய முடியும்?

பில்லை வகை வகையாகப் பிரித்து இங்கே போடுங்கள். மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பேட்டைமைனி

எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள், நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உறுத்துகிறது என்றால் அதில் ஒரு காரணமும் இருக்கலாம். மாதம் ஐயாயிரம் கூடியிருக்கிறது என்கிறீர்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. நாலு வருடத்தில் காலேஜ். மாதம் ஐயாயிரம் நாலு வருடத்துக்கு என்றால் வட்டி இல்லாமலேயே 2,40,000. அது அவள் முதல் வருடப் பீஸுக்கு ஆகும். சாப்பாட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் பாதாம் இல்லாமல் நம் பிள்ளைகள் வளரவில்லையா? வேர்க்கடலை, எள், கருப்பட்டி, முருங்கைக்கீரை இதெல்லாம் என்ன குறைந்தது?

சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துவிட்டால் கை சும்மா இருக்காது. வாசலுக்கு அருகிலேயே பிஸ்கட்டும் சிப்ஸும் பிள்ளைகள் கண்மட்டத்தில் அடுக்கியிருக்கும். எழுதிக்கொண்டு போன சிட்டைக்கு மேல் ஒரு பொருள்கூட வாங்காமல் வந்திருக்கிறீர்களா என்று நீங்களே பாருங்கள். சத்துக்கு வாங்குகிறேன் என்று ஆரம்பிப்பது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவள் நான்.

முக்கூடல்சொளவு

இதைப் படித்ததும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் பீடி சுற்றுகிறேன். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை கைக்குத் துட்டு வரும். உங்கள் வீட்டுச் சாமான் பில் எங்கள் வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு.

ஆனால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை அக்கா. நான் சொல்ல வந்தது வேறு. சனிக்கிழமை கூலி வாங்கினதும் நானும் நேரே மீன்காரம்மாவிடம்தான் போவேன். அரைக் கிலோ சாளை. பிள்ளைகள் இரண்டு பேரும் முள்ளை உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து இலை வெட்டின இடுப்புவலி தெரியாது. அந்தச் செலவுக்கு நான் ஒருநாளும் உறுத்தல் பட்டதில்லை. பிள்ளைகள் வாயில் போனது எப்படி வீணாகும்?

நீங்கள் உறுத்தல் படுவதால் என் வீட்டுப் பானையில் ஒரு பிடி அரிசி கூடாது. எங்களுக்கு உதவுவது வேறொன்று. எங்கள் தெருவில் அண்ணாச்சி கடை இருக்கிறது. மழையில் இலை வராமல் வேலை நிற்கிற வாரங்களில் அவர்தான் பற்று எழுதிச் சாமான் தருவார். அவர் எங்களுக்குக் கடன் கொடுக்க முடிவது, சம்பளக்காரர்கள் அவரிடம் ரொக்கத்துக்கு வாங்குகிறதால்தான். அவர்கள் எல்லோரும் ஏ.சி. கடைக்குப் போய்விட்டால் அண்ணாச்சி பற்றும் எழுத மாட்டார், ஒருநாள் கடையையும் சாத்திவிடுவார். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு கடை சாத்தியாகிவிட்டது.

செலவழிக்கிறதைச் செலவழியுங்கள். கொஞ்சத்தை அங்கே செலவழியுங்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கடை இருக்கும்.

கணக்குப்பிள்ளை

முக்கூடல் தங்கச்சி, நான் முப்பது வருடம் கணக்கெழுதியிருக்கிறேன். பற்று வரவு நோட்டு எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரொக்கம் வந்தால்தான் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கட்ட முடியும். கட்டினால்தான் அடுத்த சரக்கு.

அம்பைவயல்

நானும் இதில் ஒரு வார்த்தை. விவசாயி, காயும் போடுகிறேன், நெல்லும் போடுகிறேன்.

மகாராஜநகர் என்று சொல்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் ஆரம்பித்த திட்டம் இது. அட்டை வைத்திருக்கும் விவசாயி நேரடியாக விற்கலாம், அன்றன்றைக்கு விலை பலகையில் எழுதிவிடுவார்கள், இடையில் ஆள் கிடையாது. காலையில் சீக்கிரம் வந்தால் செடியிலிருந்து பறித்த கத்தரிக்காய் கிடைக்கும். அதே காயை நான் பாவூர்சத்திரம் சந்தையில் மொத்தமாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிய வருடங்கள் உண்டு.

மக்கள் ஷாம்பு பாட்டிலுக்கு விலை பேசுவதில்லை. கீரைக்கட்டுக்குப் பேசுகிறார்கள். காய்கறிக்குக் கூட நூறு ரூபாய் போனதே என்று நீங்கள் வருத்தப்படும்போது, அது உழவர் சந்தையில் போயிருந்தால் எங்கள் வீட்டு அடுப்புக்குத்தான் வந்திருக்கிறது. அதை வீண் என்று எழுதாதீர்கள்.

அரிசி விஷயம். பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். அப்போது நெல் விலை இறங்கும். வீட்டில் வைக்க இடம் இருந்தால் அந்த நேரத்தில் ஆறு மாதத்துக்கு இட்லி அரிசி எடுத்துவிடலாம். இட்லிக்கு அம்பை 16 போல வராது. எங்கள் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம்தான் அது. குண்டரிசி, மாவு நன்றாகப் பொங்கும். வண்டு வராமல் இருக்க நன்றாகக் காயவைத்து, டிரம்மில் வேப்பிலை போட்டு மூடினால் போதும்.

உணவியல்அக்கா

நான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்த இழையில் எல்லோரும் பில்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு முதல் பதிவில் ஒரு வரிதான் கண்ணில் பட்டது. 'சீலா மீன் எடுத்தால்கூட எனக்குக் குழம்பு போதும்.'

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி 16,500ஐ ஐந்து பேருக்கான செலவாக எடுத்துக்கொண்டார். மீன், முட்டை, பழம் இவற்றைப் பொறுத்தவரை அந்த வீட்டில் சாப்பிடுவது நான்கு பேர் போலத் தெரிகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21இல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று சொல்கிறது. பாதிக்கு மேல். இதில் வசதியில்லாதவர்கள் மட்டும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் ஃப்ரிட்ஜ் நிறைய சாமான் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர். பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார்கள். சட்டியில் இருப்பது குழம்பும் ஒரு தலைத்துண்டும். நேற்றைய சோறு வீணாகக் கூடாது என்று அதையும் அவர்களே முடிப்பார்கள். மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும் மகளுக்கு வாங்கினீர்கள், நல்லது. உங்களுக்கு ரத்தம் பார்த்தீர்களா?

அளவு என்ன என்று கேட்பவர்களுக்காக: ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. ஐந்து பேர் வீட்டில், சின்னப் பையனுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், தினமும் இரண்டு கிலோவை ஒட்டிக் காய் வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்க ஒரு கரண்டி பொரியல் வைக்கிற பழக்கத்தில் இருந்து பார்த்தால் இது ஊதாரித்தனமாகத் தெரியும். ஆனால் அளவு இதுதான்.

பேட்டைமைனி சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். பாதாம் அவசியமில்லை. வேர்க்கடலையில் புரதம் பாதாமுக்குக் குறைவில்லை, விலை பல மடங்கு குறைவு. சீலாவுக்கு ஆசைப்பட்டு மாதம் இரண்டு தடவை எடுப்பதைவிட வாரம் இரண்டு தடவை சாளை எடுப்பது மேல். ஒமேகா கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில்தான் அதிகம். முக்கூடல் தங்கச்சி வாங்குவது ஏழை மீன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நான் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பதே அதைத்தான். சித்திரை மாதம் தொடங்கி இரண்டு மாதம் மட்டும் மீன் விலை ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், முட்டையை வைத்துச் சமாளிக்கலாம்.

முருங்கைக்கீரை சமைத்தால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடித்தால் அது போய்விடும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

கருப்பட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், அத்தைக்குச் சர்க்கரை என்றதால். உடன்குடிக் கருப்பட்டி அருமையான பொருள்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான். 'நாட்டுச் சாமான், ஒன்றும் செய்யாது' என்று காப்பியில் தாராளமாகப் போட்டுவிட்டு வருபவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

ஷார்ஜாநெல்லையான்

நான் துட்டு அனுப்புகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வீட்டில் ஆப்பிள் வாங்கலாமா என்று என்னிடம் போனில் கேட்பாள். ஆப்பிள்! நான் இங்கே ஒரு ரூமில் ஆறு பேரோடு கிடப்பதே அவர்கள் நல்லபடியாகச் சாப்பிடட்டும் என்றுதான். கேட்காமல் வாங்கு என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறாள். சம்பாதிக்கிறவனுக்கும் அது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கணவரிடம் இந்த உறுத்தலைச் சொல்லியிருக்கிறீர்களா?

மகாராஜநகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பில்களை எடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அண்ணாச்சி கேட்டபடி போடுகிறேன்.

பால், தயிர் 2,700. அதுதான் பெரிய தொகை. அடுத்து காய் 2,300. அரிசி 2,100, மீன், கோழி, முட்டை எல்லாம் சேர்ந்து அதே 2,100. பருப்பு, உளுந்து, மசாலாச் சாமான் 1,900. எண்ணெயும் நெய்யும் 1,800. பழம் 1,400. நான் ஒளித்து வைத்த பாதாம், பேரீச்சம்பழம், அத்தைக்கு வாங்கும் கேப்பை, தினை எல்லாம் சேர்த்தே 700தான் வருகிறது. பாக்கெட் தின்பண்டம், நூடுல்ஸ், ஜூஸ் 1,500.

பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். நான் பயந்து பயந்து மறைத்தது எழுநூறு. மறைக்காமல், யோசிக்காமல் கூடையில் விழுந்தது ஆயிரத்து ஐநூறு. பேட்டைமைனி, நீங்கள் சொன்னது அந்த 1,500க்குப் பொருந்தும். அதற்கு உறுத்தல் பட்டால் நியாயம். மீதிக்கு இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

உணவியல்அக்கா கேட்டதற்குப் பதில்: ரத்தம் பார்க்கவில்லை. இந்த வாரம் பார்க்கிறேன். முட்டை வாங்கும்போது ஒரு நேரத்துக்கு நான்கு என்றே நான் கணக்குப் போட்டிருக்கிறேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

முக்கூடல் தங்கச்சி, உங்கள் பதிவைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் தெருமுனையிலும் ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. பருப்பு, உளுந்து, மசாலாச் சாமான், எண்ணெய் எல்லாம் இனி அங்கேதான் என்று முடிவு செய்திருக்கிறோம். கறிவேப்பிலை கொசுறு போடுவார், அது சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டுப் பதினைந்து ரூபாய்.

கணக்குப்பிள்ளை

பிரமாதம். இரண்டு குறிப்பு மட்டும்.

பாக்கெட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எடையையும் பாருங்கள். பிஸ்கட் கம்பெனிகள் விலையை ஏற்றாமல் கிராமைக் குறைத்துவிடும். ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பது இப்போது பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், சின்ன எழுத்தில். உங்கள் அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார் என்றீர்களே, அவரிடம் அந்த வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கு நல்ல வேலை அது.

அரிசி மூட்டை வாங்கினால் 26 கிலோ மூட்டையாக வாங்குங்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை உள்ள, லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் போனால் இல்லை. 26 கிலோ மூட்டை கடைகளில் வந்தது அதனால்தான்.

முக்கூடல்சொளவு

ரேஷனை யாருமே சொல்லவில்லையே. உங்களுக்கு அரிசி கார்டுதானே? துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளியில் அதே பருப்பு நூறைத் தாண்டுகிறது. புழுங்கல் அரிசி சும்மாவே தருகிறார்கள். நன்றாக வருகிற மாதம் அதை ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டினால் குறை சொல்ல முடியாது. சில பேர் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் கார்டுக்கு வந்த பொருள். வேண்டாம் என்றால் சரி. வேண்டும் என்றால் கூச்சம் எதற்கு?

பேட்டைமைனி

1,500 என்று நீங்களே பிரித்துச் சொன்னபிறகு எனக்கு வாதம் ஒன்றும் இல்லை. அதில் பாதியை நிறுத்தி மகள் பேரில் போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தின்பண்டமே கூடாது என்று சொல்லவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துவிடலாம், எள்ளுருண்டை பிடித்துவிடலாம். தையில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. மகளுக்கு மாதம் இரண்டு தடவையாவது உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. நீங்களும் ஒரு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெண்பிள்ளைகள் இடுப்புக்குப் பலம் என்று எங்கள் ஆச்சி சும்மா சொல்லவில்லை, உளுந்தில் அவ்வளவு புரதம்.

அத்தை விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். அந்தத் தலைமுறை ரொக்கத்தைக் கையில் பார்த்தது அறுப்பு முடிந்தபிறகுதான். மற்ற மாதமெல்லாம் பற்றுதான். அவர்கள் விலையைப் பார்ப்பது உங்களைக் குறை சொல்ல இல்லை. பையைப் பிரித்ததும் கை தானாக அங்கே போகும். ஒளித்து வைக்காதீர்கள். சிட்டை எழுதும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மகாராஜநகர்வாசி

மைனி சொன்னபடி செய்தேன். நேற்று ராத்திரி சாப்பிட்டபிறகு அத்தையை உட்கார வைத்து, இந்த மாதம் இவ்வளவு ஆனது, இதற்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் வாசித்தேன். பாதாமையும் சேர்த்து.

அவர் மீனையும் முட்டையையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாதாம் எதற்கு என்றார், வேர்க்கடலை போதும் என்றார். ஜூஸுக்குத்தான் கோபம். "ஏளா, அந்தச் சாயத் தண்ணிக்கா இம்புட்டு?" என்று கேட்டுவிட்டு, அதை அடி என்றார். அடித்துவிட்டேன். பிஸ்கட்டுக்கு மகன் அழுததால் ஒரு பாக்கெட் தப்பித்தது. பாலில் ஒரு அரை லிட்டரைக் குறைக்கலாமே என்று நான் கேட்டதற்குச் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் குடிக்கிற பாலில் கை வைக்கக் கூடாதாம். கருப்பட்டிக் காப்பியைப் பற்றி உணவியல்அக்கா எழுதியதையும் வாசித்தேன். அதற்கு முகம் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சைக் கணவரிடம் விட்டிருக்கிறேன், அவர் அம்மா, அவரே பேசட்டும்.

மீன் நாளில் ஐந்து துண்டு என்பது முடிவாகிவிட்டது. முட்டையும் அப்படியே. சாளைக்கு மாறினால் செலவு கூடவும் செய்யாது.

இனி 16,000 ஆனாலும் எனக்குச் சம்மதம்தான். எதற்கு ஆகிறது என்று எனக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உறுத்தல் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்று அண்ணாச்சி கடையில் தொகையைக் கூட்டிச் சொன்னபோது லேசாகத் திக்கென்றது. ஆனால் எந்தப் பொருளையும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

அம்பைவயல் அண்ணாச்சி, இட்லி அரிசி உங்களிடமே கிடைக்குமா? எங்கள் மாடியில் இரண்டு டிரம் வைக்க இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள்.

அம்பைவயல்

கிடைக்கும். இப்போது கையில் இருப்பது பழைய நெல், கொஞ்சம்தான். பங்குனியில் புது நெல் வந்ததும் அவித்து அரைத்துத் தருகிறேன். மூட்டைக்கு எவ்வளவு என்பதை அன்றைய நெல் விலையை வைத்துத்தான் சொல்ல முடியும், இப்போதே ஒரு தொகை சொல்லிவிட்டு மாற்றக் கூடாது. நான்கைந்து வீடு சேர்ந்தால் வண்டிக் கூலி உங்களுக்கு வராது. செவ்வாய், வெள்ளி காலையில் நான் உழவர் சந்தையில்தான் இருப்பேன். வந்து மாதிரி அரிசி வாங்கிப்போய் ஒரு தடவை மாவு ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

முக்கூடல்சொளவு

அண்ணாச்சி, குருணை விழுந்தால் எனக்கு எடுத்து வையுங்கள். கஞ்சிக்கு ஆகும். அம்பையிலிருந்து முக்கூடல் பஸ்ஸில் போட்டுவிட்டால் நான் வந்து எடுத்துக்கொள்வேன், துட்டு சனிக்கிழமை தருகிறேன்.

அம்பைவயல்

சரிம்மா, எடுத்து வைக்கிறேன். துட்டு மெதுவாகத் தரலாம்.